பிள்ளையின் எண்

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி நாற்பத்தொரு கனவுகளை எழுதினேன். அவற்றில் ஒன்றுகூட நான் கண்டதில்லை. எல்லாம் என் மதினி கண்டவை. காலையில் அவள் கண் திறந்ததும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்பது என் அண்ணனின் உத்தரவு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாராவியில், ஒரே கூரையின் கீழ் எதிரும் புதிருமாகப் பதினாறு ரூம்கள் இருந்த ஒரு சந்தில் குடியிருந்தோம். அந்த நோட்டு இப்போது இல்லை. ஆனால் அதில் இருந்த என் எழுத்து, கொம்பும் சுழியும் உருண்டையாக, கவனமாக, வாத்தியாருக்குக் காட்டப்போவதைப்போல எழுதிய எழுத்து, கண்ணை மூடினால் இன்றும் தெரிகிறது. அத்தனை அழகாக எழுதினேன் என்பதுதான் இப்போது நினைத்தால் தாங்க முடியாததாக இருக்கிறது.

அண்ணன் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அப்பா இல்லை. ஊரில் அம்மா மட்டும் இருந்தாள். அண்ணனுக்குப் பெண்குழந்தை பிறந்து ஒன்றரை வயது ஆனபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளிக்கூடம் படிக்கவும் என்று அம்மா என்னைத் தெரிந்தவர்களோடு பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டாள். வந்த நாளிலிருந்து பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தாள். மதினி ரூமுக்குள் அப்பளம் இட்டுக் கடைக்குக் கொடுத்துவந்தாள். மாவு உருண்டையில் ஒன்றைத் திருடி வாயில் போட்டுக்கொண்டு பிள்ளை என் கழுத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வாள். மதினி கண்டும் காணாததுபோல, "ஒரு உருண்டை குறையுதே, எலி வந்துச்சோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்பாள்.

பிள்ளைக்கு நான்கு வயது நிறையவில்லை. ஆடி மாதத்து மழையில் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றபோது காய்ச்சல் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இருமல் நிற்கவே இல்லை. டாக்சி கிடைத்து, ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்போது மதினியின் மடியில் இருமல் நின்றிருந்தது. இருமல் நின்றதைச் சுகம் என்று நினைத்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் சபைக்காரர்களைப் புதைக்கும் கல்லறைத் தோட்டம் பஸ்ஸில் அரை மணி நேரம். கல் வைக்க வசதி இல்லாதவர்களின் குழிக்கு ஒரு கம்பியில் தகரத் துண்டு ஒன்றை மாட்டி, அதில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி நட்டுவைப்பார்கள். பிள்ளைக்கும் அப்படி மூன்று இலக்க எண் ஒன்று கிடைத்தது. சுற்றிலும் அதே நீளத்தில் சின்னச் சின்ன மண்மேடுகள். அந்த வருஷ மழையில் நிறையப் பிள்ளைகள் போயிருந்தன. மதினிக்கு எழுத்து தெரியாது. எண்ணும் தெரியாது. புதைத்த அன்று சாயங்காலமே என்னிடம் வந்து, "ஏட்டி, எந்தக் குழின்னு எனக்கு மறந்துபோயிரும். அந்த நம்பர எழுதப் பழக்கிக் குடு" என்றாள். தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்ட் தரையில் எழுதிக் காட்டினேன். அவள் தன் விரலால் அதன்மேல் எழுதினாள். காய்ந்ததும் மறுபடி நனைத்தோம். மூன்றாவது எண்தான் அவளுக்கு வளைய மறுத்தது. நான்கு நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். உலகத்தில் அவள் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டது அந்த மூன்று எண்களை மட்டும்தான். அந்த எண் எது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லி நடந்தது போதும்.

அந்தக் காலத்தில் எங்கள் சந்து முழுவதையும் மட்கா பிடித்திருந்தது. பருத்தி விலையின் மேல் பெரிய ஆட்கள் கட்டிய பந்தயமாக ஆரம்பித்து, பிறகு மண்பானைக்குள் சீட்டுப் போட்டு எடுக்கிற எண்ணாக மாறிய சூதாட்டம் அது. பானையை எங்களில் யாரும் கண்டதில்லை. பகலில் பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒருவர் துண்டுச் சீட்டில் எண் எழுதி வாங்குவார். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு எண் வாய்வழியாக ஓடிவரும். அது வந்து சேரும் நேரத்தில் சந்தில் அடுப்பு ஊதுகிற சத்தம்கூட நின்றுவிடும். ஆண்களின் ஆட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெண்களும் ஆடினார்கள். அரிசி டப்பாவில் ஒளித்துவைத்த நாலணாவை முந்தானையில் முடிந்து, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பி எண் எழுதுவார்கள். புருஷனுக்குத் தெரியாமல் அவர்களுக்கென்று ஏதாவது ஒன்று நடக்க அந்த ஊரில் வேறு வழி இருக்கவில்லை. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது காலையில் குழாயடியில் தெரிந்துபோகும். நேற்றுப் பித்தளைக் குடத்தோடு வந்தவள் இன்று மண்ணெண்ணெய் டின்னோடு வந்து வரிசையில் நிற்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வருஷ முடிவில் எங்கள் வரிசையில் பித்தளை என்று சொல்ல இரண்டே குடங்கள்தான் மிச்சம்.

பிள்ளை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் வந்து கட்டிப்பிடித்து அழுதவர்கள் பிறகு பிள்ளையின் பேச்சை எடுப்பதே இல்லை. மதினியைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு அது இரக்கம், மதினிக்கு அது வேறு மாதிரி பட்டது. ஒருநாள் காலை குழாயடியில், யாரிடம் என்றில்லாமல் அவள் சொன்னாள்: "ராத்திரி பிள்ள வந்தா. வாசல்ல நின்னு நாலு விரலக் காட்டி, நாலு பிஸ்கோத்து வேணும்ங்கா." எதிர் ரூமில் கோவில்பட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். மூன்று பிள்ளைகளும் குடிகாரப் புருஷனுமாகக் கிடந்தவள். அவள் மட்டும் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அன்று நாலு என்ற எண்ணில் கட்டினாள். சாயங்காலம் நாலுதான் வந்தது.

மறுநாள் மதினி குழாயடிக்குப் போனபோது வரிசை அவளுக்கு வழிவிட்டது. "மதினி, பிள்ள வந்துச்சா? என்ன சட்ட போட்டிருந்துச்சு? என்ன கேட்டுச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இன்று இதை எழுதும்போது அதில் உள்ள குரூரம் தெரிகிறது. ஆனால் அன்று மதினியின் முகத்தில் நான் கண்டது சந்தோஷம். ஒரு மாதமாக யாரும் உச்சரிக்காத பிள்ளையைப் பற்றிச் சந்து முழுவதும் கேட்கிறது. அவள் குடம் நிரம்பி வழிவது தெரியாமல் நின்று, பிள்ளை எப்படி நடந்து வந்தாள், சட்டையில் எத்தனை பித்தான் என்றெல்லாம் சொன்னாள். அந்த வாரத்திலேயே இன்னொரு எண்ணும் சரியாக விழுந்துவிட்டது. பித்தான் எண்ணிக்கை என்றார்கள். எது விழுந்தாலும் அவள் சொன்னதில் எங்கேயாவது அந்த எண் இருக்கத்தானே செய்யும்.

அண்ணன் அதுவரை மட்கா ஆடியவன் இல்லை. பிள்ளை போன பிறகு அவன் பேசுவது குறைந்திருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு தடவைகூட அவன் திரும்பப் போகவில்லை. "என்னால முடியாதுட்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னான். ஊரெல்லாம் தன் பிள்ளையின் பேரால் எண் கட்டுகிறது, தகப்பன் மட்டும் சும்மா இருப்பதா என்று பட்டறையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னான். "குழாயடியில சொல்லுமுன்ன எங்கிட்டச் சொல்லணும். ஒண்ணு விடாம எழுதி வை" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். செத்த பிள்ளை தனக்கு ஏதோ கொடுக்க வருகிறாள் என்று உண்மையாகவே நம்பினான். அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்வது பாசம் என்று நினைத்தான்.

இப்படித்தான் காலைகள் ஆரம்பித்தன. மதினி கண் திறக்கும்போது அண்ணன் தலைமாட்டில் சம்மணமிட்டிருப்பான். நான் கால்மாட்டில் நோட்டோடு. வாசலில் ஏழெட்டு ஆண்கள் பல் குச்சியைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கனவு என்பது விழித்த மாத்திரத்தில் கொஞ்ச நேரம் நம்மோடு இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையோடு படுத்திருக்கும் பாக்கியம்கூட அவளுக்கு இல்லாமல் போயிற்று. ஒருநாள் அவள் சொன்னாள்: "இருமிக்கிட்டே இருந்தா. நான் முதுகத் தடவினேன்." அண்ணன் குனிந்து கேட்டான்: "எத்தன தடவ இருமினா?" மதினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன தடவன்னு நெனவு இருக்கா?" என்று அவன் மறுபடி கேட்டான். வாசலில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். "எண்ணல" என்றாள் மதினி. "டாக்சியிலயும் எண்ணல. கனவுலயும் எண்ணல." நான் அதையும் எழுதினேன். அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு எழுதுத?" என்று அந்த வரியை அடித்துவிட்டான்.

பிறகு எண்கள் விழாமல் போயின. பத்து நாள், பதினைந்து நாள். கூட்டம் கலையவில்லை, குணம் மாறியது. நாலு பிஸ்கோத்தில் முதலில் ஜெயித்த அந்தக் கோவில்பட்டி அக்கா, வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் வைத்து ஒரே எண்ணில் கட்டித் தோற்றாள். மறுநாள் வாசலில் வந்து நின்று கத்தினாள்: "பொய் சொல்லுதா! பிள்ள ஒழுங்கா நம்பரச் சொல்லுது, இவ மாத்திச் சொல்லுதா! பெத்த பிள்ளயவே சரியாப் பாக்கத் தெரியாதவதான?" மதினி அப்பளக் கட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. அக்கா கத்தி ஓய்ந்து படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்ததும், எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்குப் பிறகு மதினி கனவு சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "வரல" என்பாள்.

வரவில்லை என்பது உண்மையா, மறைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அண்ணனால் தாங்க முடியவில்லை. அவளுக்கென்று பால் வாங்கிவந்தான். மத்தியானம் கதவைச் சாத்தித் தூங்கச் சொன்னான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், கண் திறந்தே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறைச் சம்பளம் மொத்தமும் போயிருந்த வாரம், அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்து, பெரிய மனிதன், விசும்பி அழுதான். "ஒரே ஒரு தடவ. அடுத்த தடவ வந்தா அவட்டயே கேளு. அப்பாவுக்கு ஒரு நம்பர் சொல்லுன்னு கேளு. நீ கேட்டா சொல்லுவா." மதினி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எண்ணத் தெரியாத பிள்ளட்டப் போயி நம்பர் கேக்கச் சொல்லுதியே."

அடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "உங்கிட்டயும் அவ ஒண்ணும் சொல்லலியாட்டி? தூக்கத்துல எதையாச்சும் உளறுதாளா?" என்று கேட்டான். கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தான். ஏதாவது ஒன்றைச் சொல்லி அந்த முகத்தை மாற்றிவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. நான் மதினிக்கு எண் கற்றுக்கொடுத்தேன் என்பதில் எனக்குப் பெருமை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லல அண்ணே. தரையில வெரலால நம்பர் மட்டும் எழுதிக்கிட்டே இருக்கா. பிள்ள குழியில இருக்கே, அந்த நம்பரு. நான்தான் பழக்கிக்குடுத்தேன்" என்றேன்.

அவன் டீ தம்ளரைக் கீழே வைத்தான். "என்ன நம்பரு?"

தகப்பனுக்குத் தெரியாது. புதைத்த நாளுக்குப் பிறகு அவன்தான் அங்கே போனதே இல்லையே. சொன்னேன்.

அதில் ஒரு எண் வந்தது. மூன்றும் வரவில்லை, ஒன்றுதான். அது போதுமாக இருந்தது. அண்ணன் கோழி வாங்கிவந்தான், மதினிக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை வாங்கிவந்தான். எப்படி என்று அவளிடம் சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் சொல்லியிருக்கிறான். பட்டறையிலிருந்து சந்துக்கு வந்து சேர இரண்டு நாள் பிடித்திருக்கும். பிள்ளை தன் குழியின் மேலேயே எண்ணை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இத்தனை நாள் அது யாருக்கும் தோன்றவில்லை என்று பேச்சு ஓடியது. அது எங்கள் காதுக்கு மட்டும் வரவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல மதினியும் நானும் பஸ்ஸில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வழக்கம்போல ஒரு முழம் பூ வாங்கினாள். வாராவாரம் அவள் முதலில் செய்வது, தகரத்தை முந்தானையால் துடைத்து, மூன்று எண்களின் மேலும் விரலை ஓட்டிப் பார்ப்பது. அன்று நாங்கள் அந்த வரிசைக்குள் நுழைந்தபோது வரிசையே அடையாளம் தெரியவில்லை. ஈர மண் முழுக்கச் செருப்புத் தடம். மண்மேடுகள் மிதிபட்டுத் தட்டையாகியிருந்தன. கற்பூரம் கொளுத்திய கரி, ஊதுபத்திக் குச்சிகள், பீடித் துண்டுகள். எங்கள் தகரம் இல்லை. ராசிக்காக யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள். அது மட்டுமில்லை, சுற்றியிருந்த குழிகளின் தகரங்களும் இல்லை. இருட்டில் எண் தெரியாமல், வந்தவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள். கம்பி நட்ட ஓட்டைகள் மட்டும் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன.

காவல்காரர் வயதானவர். ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். விடிகாலையில் பத்துப் பதினைந்து பேர் சுவரேறிக் குதித்து வந்ததாகவும், தடுத்தபோது தன்னைத் தள்ளிவிட்டதாகவும் இந்தியில் சொன்னார். பெரிய பதிவேட்டைத் தூக்கிவந்து பிரித்துப் பார்த்தார். அதில் வரிசையும் எண்ணும் இருந்தன. ஆனால் தகரங்கள் இல்லாமல் எந்த மேட்டிலிருந்து எண்ண ஆரம்பிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் விரித்து, "இதர் ஸே உதர் தக், பாயி. பாஞ்ச் மே ஸே ஏக்" என்றார். இங்கிருந்து அங்கே வரை, ஐந்தில் ஒன்று.

மதினி என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச பிள்ளதான. எதுட்டி?" என்று கேட்டாள்.

ஐந்தும் ஒரே நீளம். ஐந்தின் மேலும் ஒரே மண். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், நடுவில் இருந்த ஒன்றைக் காட்டி, "இதுதான் மதினி" என்றேன்.

அவள் அந்த மேட்டின் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்பரு உனக்கும் எனக்கும்தான தெரியும்" என்றாள். குரல் உயரவில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னை அடித்திருக்கலாம். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்தபோது சேற்றில் உட்கார்ந்து, அந்த ஒரு முழம் பூவைப் பல்லால் கடித்து ஐந்தாக அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு துண்டு வைத்தாள். ஐந்திடமும் குனிந்து ஏதோ சொன்னாள். தன் பிள்ளைக்கு உரியதில் நாலு பங்கு அயல் பிள்ளைகளுக்குப் போகிறது, மிச்ச ஒரு பங்கு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அவள் ரூமுக்குப் போகவில்லை. சந்தின் முதல் ரூமில் தொடங்கினாள். கேட்காமல் உள்ளே நுழைந்து சாமி படத்துக்குப் பின்னால், இயேசு படத்துக்குப் பின்னால், பரணில், அரிசி டப்பாவில் என்று கையை விட்டுத் தேடினாள். "என் பிள்ள தகரத்தக் குடுங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ரூமிலும் யாரும் தடுக்கவில்லை. பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கோவில்பட்டி அக்கா தானே தலையணை உறையைப் பிரித்து ஒரு தகரத்தை எடுத்து நீட்டினாள். பெட்டிக்கடைக்காரன் கல்லாவுக்கு மேலே ஒன்றை மாட்டி மஞ்சள் பூசி வைத்திருந்தான். இன்னொன்று ஒரு தொட்டிலின் கம்பியில் கட்டியிருந்தது. மூன்று தகரம் கிடைத்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஓட்டி, முதல் எண், இரண்டாவது எண், மூன்றாவது எண் என்று பார்த்தாள். மூன்றும் வேறு யாருடையவோ. அப்பளப் பலகையின் மேல் மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, "இது எல்லாத்துக்கும் ஒரு தாய் இருப்பாளே. இத நான் எதுல கொண்டுபோய் நட?" என்று கேட்டாள். அப்போதுதான் முதல்முதலாக அவள் வாய்விட்டு அழுதாள். பிள்ளை செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

அந்த வாரமே மதினி போய்விட்டாள். சபையில் ஒரு அம்மா சொல்லி, செம்பூரில் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். மாம்பழ நிறச் சேலையை மடிப்புக் கலையாமல் கொடியில் விட்டுப் போயிருந்தாள். அண்ணன் இரண்டு மாதம் வாராவாரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் வெளியே வரவில்லை. பிறகு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டான். தாராவியிலேயே, வேறு வேறு ரூம்களில், கடைசி நாள்வரை சீட்டு எழுதிக்கொண்டு இருந்தான். அவன் ஜெயித்ததாக யாரும் எனக்கு எழுதவில்லை.

பள்ளி முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, மாட்டுங்காவில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து நான் மறுபடி பம்பாய்க்கு வந்தபோது ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதல் சம்பளத்தில் பழம் வாங்கிக்கொண்டு செம்பூருக்குப் போனேன். மதினி சமையலறைப் பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, நாற்பது ஆகியிருக்காது. என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள். நான் ஏழு வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருந்ததைச் சொன்னேன். என்னை மன்னிச்சிரு மதினி என்று அவள் கையைப் பிடித்தேன். நீ சின்னப் பிள்ளை, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியாப் போயிருவ. எனக்கு அது வேண்டாம்ட்டி. அந்த அஞ்சயும் நெனச்சுக்கிட்டு நான் ஒத்தையா இருக்கேன். கூட நெனைக்க எனக்கு ஒரு ஆளு வேணும். நீதான் இருக்க."

அவள் என்னை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை கைவிடவும் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள், என் பிரசவத்துக்கு வந்தாள். ஒவ்வொரு ஆடியிலும் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். ஐந்து துண்டுப் பூ. பிள்ளை கனவில் வருகிறாளா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மதினி போய் ஆறு வருஷமாகிறது. நான் மட்டும் போகிறேன். முழங்கால் பிடித்துக்கொள்கிறது. பஸ் இப்போது வேறு வழியாகப் போகிறது. இடம் பற்றாமல் அந்த வரிசையையே இரண்டு மூன்று தடவை கொத்தித் திருப்பி, வேறு பிள்ளைகளைப் புதைத்துவிட்டார்கள். எங்கள் ஐந்தும் அந்த மண்ணுக்குள் எங்கோ கலந்துவிட்டன. இந்த ஆடியிலும் மழை கொட்டியது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றேன். புதிதாக வந்திருந்த காவல்காரர் மரியாதையாகப் பக்கத்தில் வந்து, யாருக்கு என்று கேட்டார். என் அண்ணன் மகளுக்கு என்றேன். "இதில் எது, மாவ்ஷி?" என்று சித்தியைக் கூப்பிடுவதுபோல மராத்தியில் கேட்டு, மேட்டைச் சுத்தம் செய்து கொடுக்கக் கையில் துடைப்பத்தோடு காத்து நின்றார்.

நான் பூவை ஐந்தாகப் பிரிக்க ஆரம்பித்தேன்.